31 கிளப் மாறிய அப்ரேயு: யாரும் வைத்துக்கொள்ளாத ஆளா, எல்லாரும் கூப்பிட்ட ஆளா?

திடல்கரை (சுங்கை சிப்புட்)

நேற்று சாயங்காலம் டவுன் ஒட்டுக்கடையில் ஒரு வாக்குவாதம். நம் பையன்கள் நாலு பேர், எல்லாருக்கும் இருபது, இருபத்திரண்டு வயசு இருக்கும். போனில் ஒரு பட்டியலைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். உருகுவேயின் செபாஸ்தியான் அப்ரேயு, 26 வருஷ ஆட்டம், 31 கிளப், 11 நாடு. "நல்ல ஸ்ட்ரைக்கரா இருந்தா ஒருத்தனாவது வெச்சுக்கிட்டிருக்க மாட்டானா?" என்றான் ஒருவன். எனக்கு வாயில் இருந்த தே தாரேக் இறங்கவில்லை. கடையில் பேசினால் சத்தம்தான் மிஞ்சும். அதனால் இங்கே வந்து எழுதுகிறேன்.

எனக்கு இந்த ஆளைத் தெரிந்தது 2010 உலகக் கிண்ணத்தில். உருகுவே, கானா காலிறுதி. ஜொஹான்னஸ்பர்க்கில் ஜூலை 2 ராத்திரி ஆட்டம், நமக்கு சனிக்கிழமை விடியற்காலை 2.30. மாமாக் கடையில் வெள்ளைத் துணி கட்டிப் படம் ஓட்டினார்கள். கடை முழுக்கக் கானா பக்கம். ஆப்பிரிக்காவிலிருந்து மிச்சம் இருந்த ஒரே குழு அதுதான். கடைசி நிமிஷத்தில் உருகுவேயின் சுவாரெஸ் கையால் பந்தைத் தடுத்ததும், கானாவின் ஜியான் அந்தப் பெனால்டியைக் கம்பத்தில் அடித்ததும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

எனக்கு அதற்கப்புறம் நடந்ததுதான் கண்ணுக்குள் நிற்கிறது. ஆட்டம் சமனில் முடிந்து, இரண்டு குழுவும் மாறி மாறிப் பெனால்டி அடிக்கும்போது மணி ஐந்து ஆகிவிட்டது. செம்பனைக் குலை வெட்டப் போகிற இரண்டு பேர் மோட்டாரை ரோட்டோரம் நிறுத்தி, தலையில் ஹெல்மெட்டோடு நின்று பார்த்தார்கள். மோட்டாரில் நீள அரிவாளைச் சாக்கில் சுற்றிக் கட்டியிருந்தது. உருகுவேயின் ஐந்தாவது உதைக்கு 13-ஆம் எண் சட்டை போட்ட நெட்டை ஆள் வந்தார். அடித்தால் அரையிறுதி. நீளமாக ஓடி வந்தார். இடது காலைப் பந்துக்கு அடியில் விட்டு, மெல்லத் தூக்கிவிட்டார். கோல் கீப்பர் கிங்சன் ஒரு பக்கமாகப் பாய்ந்துவிட்டார். பந்து நிதானமாக எழும்பி, அவர் நின்றிருந்த இடத்துக்குப் பின்னால் விழுந்தது. கடையில் ஒரு மூச்சு சத்தமே இல்லை. அப்புறம் ஹெல்மெட்டுக்காரரில் ஒருவர் "இவ்வளவுதானா!" என்றார். மற்றவர் "பெரட்டுக்கு நேரமாச்சி" (தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடுவது) என்று மோட்டாரை உதைத்தார்.

அந்த உதையை அடிக்கும்போது அப்ரேயுவுக்கு வயது 33. அதற்குள் அவர் எத்தனை கிளப் மாறியிருந்தார் என்பதை அன்றைக்கே தேடிப் படித்தேன். இன்று வரை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மஞ்சள்கறுப்பு (சுங்கை சிப்புட்)

அண்ணே, அந்த ஒட்டுக்கடை மேசையில் நானும் இருந்தேன். "வெச்சுக்கிட்டிருக்க மாட்டானா" என்று கேட்டது நான்தான். மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை, என் கருத்தை இங்கேயும் சொல்கிறேன்.

ஸ்ட்ரைக்கர் என்றால் ஒரு ஊரோடு சேர்ந்த பெயராக இருக்க வேண்டும். மொக்தார் டஹாரி என்றால் சிலாங்கூர். நான் பேராக்காரன், ஆனாலும் ஒத்துக்கொள்கிறேன். நாட்டுக்கு 89 கோல் அடித்தவர், இன்னொரு மாநிலச் சட்டையில் அவரை நினைத்துப் பார்க்க முடியுமா? அப்ரேயுவை எந்த ஊர்க்காரன் "எங்க ஆளு" என்று சொல்வான்? ஒரு பெனால்டி அழகாக அடித்தார், சரி. அதை வைத்து 31 கிளப்பையும் நியாயப்படுத்த முடியாது. இந்தக் கணக்கை உலக சாதனை என்று எழுதி வைத்திருப்பதும் எனக்குப் புரியவில்லை. அதிக இடம் மாறியது எப்படிச் சாதனை ஆகும்?

திடல்கரை

தம்பி, நேரில் சொன்னதை இங்கேயும் சொன்னதுக்கு சந்தோஷம். பட்டியலை மேலிருந்து கீழே எண்ணினால் உன் கேள்வி சரியாகத்தான் படும். அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்.

முதலில் டெபோர்ட்டிவோ லா கொருன்யா. அர்ஜெண்டினாவின் சான் லொரென்சோவில் கோல் அடித்துக்கொண்டிருந்த பையனை 1998-இல் இந்த ஸ்பெயின் கிளப் வாங்கியது. அங்கே சில ஆட்டம்தான். அப்புறம் வருஷா வருஷம் இரவல் கொடுத்தார்கள். பிரேசிலில் கிரேமியோ, மெக்சிகோவில் தெக்கோஸ், மறுபடி சான் லொரென்சோ, உருகுவேயில் நாசியோனால், மெக்சிகோவில் குருஸ் அசூல். பட்டியலில் பார்த்தால் கிளப் கிளப்பாகத் தாவியது போல இருக்கும். காகிதத்தில் அத்தனை வருஷமும் அவர் டெபோர்ட்டிவோவின் ஆள். அந்தக் கிளப் 2000-இல் லா லீகா பட்டமே வென்றது, முன்னால் ரோய் மக்காய் நின்றார். அங்கே இடம் எங்கிருந்து வரும்?

அடுத்தது மெக்சிகோ. அங்கே 1996-லிருந்து வருஷத்துக்கு இரண்டு லீக். ஆறு மாசத்துக்கு ஒரு பட்டம். ஒரு லீக் முடிந்ததும் குழுவைக் கலைத்து அடுக்குவார்கள். அப்ரேயு அந்த நாட்டில் மட்டும் ஏழு கிளப்புக்கு ஆடினார்: தெக்கோஸ், குருஸ் அசூல், அமெரிக்கா, டொராடோஸ், மொந்தெர்ரே, சான் லூயிஸ், திக்ரெஸ். வேறொரு நாட்டில் இதே காலத்தை ஆடியிருந்தால் மூன்று, நாலு கிளப்பில் முடிந்திருக்கும்.

இதையும் கேள். 2002 கோடை லீக்கில் குருஸ் அசூலுக்கு 19 கோல் அடித்து அந்த லீக்கிலேயே முதல் ஆள். 2006-இல் டொராடோஸ் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. இறங்கிய குழுவில் இருந்துகொண்டே அந்தப் பருவத்தில் அதிகக் கோல் அடித்தவர்கள் வரிசையில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். அந்தக் குழுவில் அவரோடு ஆடியது யார் தெரியுமா? பெப் கார்டியோலா. ஆட்ட வாழ்க்கையின் கடைசி மாதங்களை அவர் குலியாகான் என்கிற அந்த ஊரில்தான் கழித்தார். மூழ்குகிற குழுவுக்கு முன்னால் நின்று கோல் அடித்தவரை "யாரும் வைத்துக்கொள்ளவில்லை" என்று எப்படிச் சொல்வது? கிளப் இறங்கியது, இவரை மேலே இருந்த மொந்தெர்ரே கூப்பிட்டுக்கொண்டது.

"எங்க ஆளு" என்று யார் சொல்வான் என்று கேட்டாய். மொந்தெவிதேயோவில் நாசியோனால் ரசிகனைக் கேள். சின்ன வயசிலிருந்தே அவர் அந்தக் கிளப்பின் ரசிகர், எங்கே போனாலும் திரும்பித் திரும்பி அங்கே வந்து ஆடினார். ரியோவில் பொத்தாஃபோகோ ரசிகனைக் கேள். அங்கே 2010-லிருந்து 2012 வரை இருந்தார்.

பெரட்டுக்களம் (முன்பு தோட்டம், இப்போது டவுன் ஓரம்)

நான் அதிகமாக எழுதுகிறவன் இல்லை. மொக்தார் பெயர் வந்ததால் எழுதுகிறேன். அவர் ஆடியதை இரண்டு முறை நேரில் பார்த்தவன்.

தம்பி சொல்வதில் ஒன்று விட்டுப்போகிறது. அந்தக் காலத்தில் நம் நாட்டில் பந்தாட்டம் சம்பள வேலை இல்லை. வங்கி, போலீஸ், மின்சார வாரியம் என்று எங்காவது வேலை இருக்கும், அந்த ஊருக்கு ஆடுவார்கள். பாதித் தொழில்முறை லீக் 1989-இல்தான் வந்தது, முழுத் தொழில்முறை 1994-இல். வேலை இருக்கிற இடத்தில்தான் ஆளும் இருப்பான். மொக்தாரின் மனசு சிலாங்கூரோடு இருந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் சம்பளமே ஆட்டத்திலிருந்து வரும் காலத்து ஆட்டக்காரனையும், அந்தக் காலத்து ஆட்டக்காரனையும் ஒரே தராசில் வைக்காதே.

இன்னொன்று. எங்கள் தோட்டத்தில் என் பெரிய மாமா சென்டர் பார்வர்ட். ரப்பர் பால் மரம் வெட்டுகிறவர். மத்தியானம் பால் நிறுத்தி வாளியைக் கழுவி வைத்துவிட்டு நேராகத் திடலுக்கு வருவார், காலில் காய்ந்த பால் ஒட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை எந்தத் தோட்டத்தில் கிண்ணம் என்றாலும் லயத்து முன்னால் லாரி வந்து நிற்கும். இந்த வாரம் இந்தத் தோட்டத்துச் சட்டை, அடுத்த வாரம் எதிர்த் தோட்டத்துச் சட்டை. ஒரு ஆட்டத்துக்குப் பத்து வெள்ளியும் மத்தியானச் சாப்பாடும். எங்கள் தோட்டத்திலேயே சில பேர் அவரைத் துரோகி என்றார்கள், ஒரு தீபாவளிக் கிண்ணத்தில் எங்களுக்கு எதிராக இரண்டு கோல் போட்டார் என்று. அன்றைக்கு அத்தை பேச்சுத் தாங்காமல் கதவைச் சாத்திக்கொண்டார்.

மாமாவிடம் நான் கேட்டேன், ஏன் போனீர்கள் என்று. "கூப்டாங்கடா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பின்னால் ஒரு தோட்டத்தில் பந்துக்காகவே அவருக்கு ரப்பர் ஆலையில் வேலை போட்டுக் கொடுத்தார்கள். வெயிலில் நிற்காத வேலை. அதில்தான் என் மாமா பிள்ளைகள் மூன்று பேரும் படித்தார்கள்.

பழைய பூட்ஸ் (ஈப்போ)

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு முறை அழித்து அழித்து இதை எழுதுகிறேன்.

நான் ஸ்ட்ரைக்கர். லீக்கில் கீழ் டிவிஷன்களில் ஆறு வருஷம், நாலு கிளப். நான்கிலும் ஒரு வருஷ ஒப்பந்தம்தான், ஒன்றில் ஆறு மாசம். பெயர்கள் வேண்டாம். ஒரு இடத்தில் நாலு மாதச் சம்பளம் வரவில்லை. மாதக் கடைசியில் "அடுத்த வாரம்" என்பார்கள். அடுத்த வாரம் பயிற்சிக்குப் போனால் ஆபீஸ் பூட்டியிருக்கும். வாடகை அறையில் மூன்று பேர், ஒரு அரிசி மூட்டை, முட்டை. அந்தப் பருவத்தில் நான் ஏழு கோல் போட்டேன். ஏழாவது கோலுக்கு மறுநாள் என் மோட்டாரை விற்றேன்.

அடுத்த வருஷம் வேறு கிளப்புக்குப் போனதும் ஊரில் கேட்டார்கள்: "ஏன் நிலையா ஒரு எடத்துல இருக்க மாட்ற?"

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு மாறின இடம்தான் தெரியும். ஒப்பந்தம் எத்தனை மாசம், முடிந்ததும் புதுப் பயிற்றுநர் யாரைக் கொண்டு வந்தார், சம்பளம் வந்ததா என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. ஸ்ட்ரைக்கர் நிலைமை இன்னும் மோசம். பேக், அதாவது பின்னால் தடுத்து ஆடுகிறவன், பத்து ஆட்டம் சுமாராக ஆடலாம். ஸ்ட்ரைக்கர் ஐந்து ஆட்டம் கோல் போடாவிட்டால் ஆறாவது ஆட்டத்தில் பெஞ்ச். நம் நாட்டில் அந்த இடத்துக்கு எப்போதும் வெளிநாட்டு ஆளைத்தான் முதலில் தேடுவார்கள்.

அப்ரேயுவின் காசும் புகழும் என்னோடு ஒப்பிடும் அளவில் இல்லை, தெரியும். ஆனால் ஒவ்வொரு புது இடத்திலும் முதல் நாள் டிரெஸ்ஸிங் ரூமுக்குள் போவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பாஸ் வராது. முதல் கோல் போட்ட பிறகுதான் உன்னோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதை ஒருவர் 31 முறை செய்திருக்கிறார். நான் நாலுக்கே களைத்துவிட்டேன்.

மஞ்சள்கறுப்பு

பழைய பூட்ஸ் அண்ணே, உங்களை நான் நினைத்துப் பேசவில்லை, மனசு கஷ்டமாக இருக்கிறது. மெக்சிகோ விஷயம் எனக்குத் தெரியாது, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று நிற்கிறது. 2015-க்கு அப்புறம் என்ன? ஈக்குவடோரில் அவுக்காஸ், பராகுவேயில் சோல் தெ அமெரிக்கா, எல் சால்வடோரில் சாந்தா தெக்லா, பிரேசிலில் பாங்கு, சிலியில் மட்டும் புவெர்த்தோ மொந்த், ஆவுடாக்ஸ் இத்தாலியானோ, மகாயானேஸ். ஒவ்வொன்றிலும் சில மாதம். அது சாதனைக் கணக்கை ஏற்றத்தான் என்று எனக்குப் படுகிறது. நாற்பது வயசில் ஒரு இளம் ஆட்டக்காரனின் இடத்தை எடுத்துக்கொள்வது சரியா?

திடல்கரை

நியாயமான கேள்வி. அந்தக் கடைசிச் சுற்றில் எண்ணிக்கையும் அவர் மனசில் இருந்திருக்கும், நான் மறுக்க மாட்டேன். ஆவுடாக்ஸ் இத்தாலியானோ அவருடைய 26-ஆவது கிளப். அங்கே கையெழுத்துப் போட்டபோதுதான் பழைய சாதனையைத் தாண்டினார். பழைய சாதனை ஜெர்மனியின் லுட்ஸ் ஃபானன்ஸ்டீல் என்ற கோல் கீப்பருடையது, 25 கிளப். அவர் நம் பினாங்குக்கும் ஆடியவர்! 1990-களில் பினாங்கு ஆட்டம் பார்க்கப் போனவர்கள் யாராவது இங்கே இருந்தால் எழுதுங்கள்.

ஆனால் தம்பி, அவரை வற்புறுத்தி யாரும் வாங்கவில்லை. சாந்தா தெக்லாவுக்கு உலகக் கிண்ணத்தில் அரையிறுதி வரை போன ஸ்ட்ரைக்கர் கிடைப்பது அந்த ஊருக்கே திருவிழா. இப்படி வைத்துப் பார்: நம் டவுன் குழுவுக்கு நாளைக்கு அவர் வந்து ஒரு பருவம் ஆடினால் நீ டிக்கெட் வாங்க மாட்டாயா? உன் தம்பிக்கு அவரோடு பயிற்சி செய்யக் கிடைத்தால் அவன் இடம் போய்விட்டது என்று சொல்வாயா?

தேசியக் குழுவுக்கு அவர் 70 ஆட்டம், 26 கோல். 2009 நவம்பரில் அந்த 2010 உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற கோஸ்தா ரிக்காவோடு பிளே-ஆஃப், மொந்தெவிதேயோவில் 1-1. உருகுவேயின் அந்த ஒரு கோல் அவருடையது. அப்போது அவர் எங்கே ஆடிக்கொண்டிருந்தார்? கிரீஸில், அரிஸ் கிளப்பில். அதற்கு முன்னால் ஸ்பெயினின் இரண்டாம் டிவிஷனில் ரியால் சொசியெடாட், அதற்கும் முன்னால் இஸ்ரேலில் பெய்த்தார் ஜெருசலேம். இரண்டு வருஷத்துக்குள் அர்ஜெண்டினா, இஸ்ரேல், ஸ்பெயின், கிரீஸ். ஊர் ஊராகப் போய் ஆடி உடம்பை ஓடுகிற நிலையில் வைத்திருந்தார், அதனால்தான் நாடு கூப்பிட்டபோது அந்தக் கோல் வந்தது. வீட்டில் உட்கார்ந்திருந்தால் ஜொஹான்னஸ்பர்க் இல்லை.

கோல்வாசல் (கோல கங்சார்)

பெனால்டியைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். இருபது வருஷம் கோல் கீப்பராக நின்றவன், தோட்டத்து லீக்கிலும் மாவட்ட லீக்கிலும்.

அந்த மாதிரி உதையை முதலில் பெரிய ஆட்டத்தில் அடித்தது செக்கோஸ்லோவாக்கியாவின் பனென்கா. 1976 ஐரோப்பியக் கிண்ண இறுதி, பெல்கிரேடில், எதிரே மேற்கு ஜெர்மனியின் செப் மாயர். அப்ரேயு பிறந்ததும் அதே 1976-இல், அக்டோபரில்.

கோல் கீப்பர் பக்கம் இருந்து சொல்கிறேன். பெனால்டிக்கு நடுவில் நின்றுகொண்டு காத்திருக்க யாராலும் முடியாது. பந்து வருவதற்குள் முடிவு எடுக்க வேண்டும். பாயாமல் நின்று கோல் வாங்கினால் பார்க்கிறவர்கள் "மரம் மாதிரி நின்னான்" என்பார்கள். பாய்ந்து கோல் வாங்கினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதனால் பாய்கிறோம். அந்த உதை நம்முடைய அந்தப் பயத்தைத்தான் குறி வைக்கிறது. தரையில் கிடந்தபடி தலையைத் திருப்பி, பந்து மெதுவாக உள்ளே போவதைப் பார்ப்பேனே, அந்த ஒரு வினாடி மாதிரி நீளமான வினாடி கிடையாது. எழுந்திருக்கவும் நேரம் இருக்காது, பார்க்காமல் இருக்கவும் முடியாது.

இது விளையாட்டுத்தனம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அவருக்கு "லோக்கோ", பைத்தியம், என்று ஒரு பட்டப்பெயரும் உண்டு. ஆனால் 2010 ஏப்ரலில்தான் ரியோவின் மரக்கானா திடலில் பிளமெங்கோவுக்கு எதிராக அதே உதையை அடித்து பொத்தாஃபோகோவுக்கு ரியோ மாநிலப் பட்டம் வாங்கிக் கொடுத்திருந்தார். மூன்று மாதத்துக்குள் இரண்டாவது முறை, அதுவும் உலகக் கிண்ணத்தில், எல்லாருக்கும் தெரிந்த பிறகு. கை நடுங்குகிற ஆளால் முடியாது. நன்றாகக் கணக்குப் போடுகிற ஆளால்தான் முடியும்.

ஜியானையும் விட்டுவிடாதீர்கள். 120-ஆவது நிமிஷத்தில் கம்பத்தில் அடித்த அதே ஆள், சில நிமிஷத்தில் கானாவின் முதல் பெனால்டிக்குத் தானே வந்து நின்று கோல் அடித்தார். அந்த நடைக்கு எவ்வளவு நெஞ்சு வேண்டும்!

பெரட்டுக்களம்

ஜியானும் ஊர் ஊராகப் போனவர்தானே. இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து, அப்புறம் அல் ஐன், சீனா, துருக்கி. 2019-இல் இந்தியாவில் கவுஹாத்தி குழுவுக்கே வந்து ஆடினார். கானாவுக்கு அதிகக் கோல் அடித்தவர் இன்றைக்கும் அவர்தான், 51. அந்த ராத்திரி உருகுவேயின் கோலை அடித்த ஃபோர்லானும் ஜப்பான், மும்பை, ஹாங்காங் என்று போனார். ஃபோர்லான் மும்பைக்கு வந்தபோது நம் ஆட்கள் எல்லாரும் பெருமையாகப் பேசினார்கள். அவரை யாரும் நாடோடி என்று சொல்லவில்லை.

ஆறாம் ஆண்டு டீச்சர் (தமிழ்ப்பள்ளி, சுங்கை சிப்புட் பக்கம்)

வணக்கம். நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. எங்கள் பள்ளியில் காற்பந்துக் குழுவை நான் பார்த்துக்கொள்கிறேன். பள்ளியில் மொத்தமே அறுபது பிள்ளைகள்தான், பதினொரு பேரைச் சேர்ப்பதே கஷ்டம்.

ஒரு பையன் இருக்கிறான். இடது காலன், வயசுக்கு மீறிய உயரம், தலையால் நன்றாக அடிக்கிறான். ஓட்டம் அவ்வளவு வேகம் இல்லை. அவனைப் பார்க்க வந்த ஒரு பயிற்றுநர் "நம்ம பையன்னா விங்குக்கு ஓடற பையனா இருக்கணும், ஸ்ட்ரைக்கர் எடத்துக்கு எல்லாம் வெளிநாட்டு ஆளுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். பையன் அதைக் கேட்டுவிட்டான். அன்றைக்கிருந்து பயிற்சியில் கோல் பக்கம் போக மாட்டேன் என்கிறான்.

நான் அவனிடம் என்ன சொல்லட்டும்?

பழைய பூட்ஸ்

டீச்சர், அப்ரேயுவும் இடது காலன்தான். 1.93 மீட்டர் உயரம். வேகமான ஆள் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. தலையும், நிற்கிற இடமும்தான் அவர் சொத்து. பையனுக்கு அவருடைய தலை கோல்களைப் போட்டுக் காட்டுங்கள். பந்து வருவதற்கு முன்னால் அவர் என்ன செய்கிறார் என்பதை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பேக்குக்குப் பின்னால் ஒரு அடி ஒதுங்கி, பார்வையிலிருந்து மறைந்து, அப்புறம் முன்னால் வருவார். அதற்கு வேகம் வேண்டாம், பொறுமை வேண்டும். பதினொரு வயசில் கற்றுக்கொடுக்கலாம். சனிக்கிழமை காலையில் நான் ஈப்போவிலிருந்து வருகிறேன், அரை மணி நேரம்தான். பந்து மட்டும் இருந்தால் போதும்.

அந்தப் பயிற்றுநர் சொன்னதில் பாதி உண்மை, அதை மறைக்க வேண்டாம். நம் லீக்கில் ஒன்பதாம் எண், அதாவது ஸ்ட்ரைக்கர், பெரும்பாலும் இறக்குமதிதான். ஆனால் 2009-லிருந்து 2011 வரை வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குத் தடை இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் காலத்தில் உள்ளூர் ஸ்ட்ரைக்கர்களுக்கு நிமிஷம் கிடைத்தது. 2010 டிசம்பரில் கே. ராஜகோபால் பயிற்றுநராக இருந்து தென்கிழக்காசிய நாடுகளுக்கான சுசுகி கிண்ணம் வென்றோம். புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3-0. அந்தப் போட்டியில் சாஃபி சாலி ஐந்து கோல், அவர்தான் முதலிடம். அடுத்த வருஷமே இந்தோனேசியாவின் பெலித்தா ஜாயா அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. தடையால் மட்டும் வென்றோம் என்று சொல்ல மாட்டேன். இடம் கொடுத்தால் ஆள் வருவான் என்று மட்டும் சொல்கிறேன்.

ஆறாம் ஆண்டு டீச்சர்

வாருங்கள் தம்பி. பந்து ஐந்து இருக்கிறது, இரண்டில்தான் காற்று நிற்கிறது. மற்றவற்றுக்கு வெள்ளிக்கிழமைக்குள் பஞ்சர் பார்த்துவிடுகிறேன். பையனிடம் இன்னும் சொல்லவில்லை, நீங்கள் வந்து நின்ற பிறகு சொல்கிறேன்.

திடல்கரை

டீச்சர், பள்ளித் திடலில் கோல் கம்பத்துக்கு வலை இருக்கிறதா? எங்கள் பழைய குழுவின் வலை ஒன்று என் வீட்டுச் சாமான் அறையில் கிடக்கிறது. ஓரத்தில் எலி கடித்திருக்கிறது, கட்டிக்கொள்ளலாம். நான் கொண்டு வருகிறேன். கோல் போட்டால் பந்து வலையில் மாட்டி நிற்கிறதைப் பையன் பார்க்க வேண்டும். செம்பனைக்குள் உருண்டு போய் அவனே ஓடித் தேடுவதாக இருந்தால் எவனுக்கும் கோல் ஆசை வராது.

மஞ்சள்கறுப்பு

இதை இன்றைக்கு முழுக்கப் படித்தேன், வேலை இடத்தில் இருந்துகொண்டே. சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. அந்தக் கானா ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. 2010-இல் எனக்கு ஏழு வயசு, தூங்கிக்கொண்டிருந்திருப்பேன். பெனால்டியை மட்டும் போனில் பார்த்திருக்கிறேன், பத்து வினாடி. அதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

கடைசி வருஷங்களைப் பற்றி என் கருத்தை இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை அண்ணே. 2021-இல் 44 வயசில் உருகுவேயின் சுட் அமெரிக்கா கிளப்போடு முடித்தார், அதற்கு இரண்டு, மூன்று வருஷம் முன்னாலேயே முடித்திருக்கலாம் என்றுதான் படுகிறது. ஆனால் "யாரும் வெச்சுக்கல" என்று இனிமேல் சொல்ல மாட்டேன்.

முழு ஆட்டமும் உங்களிடம் இருக்கிறதா?

திடல்கரை

இருக்கிறது. பென்டிரைவில் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்கு வா, அந்த மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வா. அண்ணி கடலை அவித்து வைப்பாள். பெனால்டிக்கு ஓட்டிப் போகக் கூடாது, முதல் நிமிஷத்திலிருந்து பார்க்க வேண்டும். முந்தாரி தூரத்திலிருந்து அடிக்கிற கோல், ஃபோர்லானின் ஃப்ரீ கிக், எல்லாம் வரும். 76-ஆவது நிமிஷத்தில் கவானி வெளியே வருவார், அப்போது கோட்டோரம் ஒரு நெட்டை ஆள் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்பார். அங்கிருந்து பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பார்.